முதுகில் எழுதிய லாம்டா

மார்ச் 18, திங்கள்

கண்ணுக்கு மருந்து விட்ட நேரத்தைக் குறித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். இங்க் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி கடையில் சும்மா கிடந்தது, எடுத்து வந்துவிட்டேன். காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை நாலு, இரவு எட்டு. நாலு வேளையும் விட்டாயிற்று. பக்கத்தில் இன்னும் இடம் காலியாக இருக்கிறது. காலி இடத்தைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. பிளக்ஸ் கடைக்காரன் புத்தி.

என் மனைவி பொற்கொடிக்கு வலது கண்ணில் விழித்திரை கழன்றுவிட்டது. சனிக்கிழமை திருநெல்வேலியில் ஆபரேஷன் ஆகி, இன்று கோவில்பட்டிக்குக் கூட்டி வந்துவிட்டேன். கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழியை விட்டிருக்கிறார்கள். அது மேலே மிதந்து திரையை அழுத்திப் பிடிக்க வேண்டுமாம், நாங்கள் ஸ்டிக்கர் ஒட்டும்போது உள்ளங்கையால் அழுத்துகிற மாதிரி. அதற்காக இரண்டு வாரம் குப்புறப் படுக்க வேண்டும். நெற்றிக்கு ஒரு தலையணை, தாடைக்கு ஒன்று, நடுவில் மூச்சு விட இடைவெளி. சாப்பாடு, பேச்சு எல்லாம் தரையைப் பார்த்தபடிதான்.

இடது கண் சிறு வயதிலிருந்தே மந்தம். ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. ஆக, அவளுக்கு இருப்பது இந்த ஒரு கண்தான். படிக்கவே கூடாது, ஒரு கண் அசைந்தால் மற்றதும் அசையும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எத்தனை நாளாக இப்படி என்று அவர் கேட்டபோது, நேற்றிலிருந்து என்றாள்.

எனக்குப் பயமெல்லாம் இல்லை.

மார்ச் 19, செவ்வாய்

காலையில் ஜெபமணி மேடம் போன். பொற்கொடியின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி அவர். கண் எப்படி இருக்கிறது என்று ஐந்து நிமிடம் விசாரித்தவர், அப்புறம் கொஞ்சம் இழுத்தார்.

"சீனிராஜ், ஸ்பீக்கர்ல போடுங்க. அவளும் கேக்கட்டும். தீசிஸைத் திருப்பி அனுப்பிட்டாங்கம்மா பொற்கொடி."

கட்டிலில் அவள் தலையணையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

"தப்பு ஒண்ணும் இல்ல. கிராஃப் எல்லாத்துலயும் அச்சுக் கோட்டுக்குப் பக்கத்துல இருக்கிற கிரேக்க எழுத்து வரல. லாம்டா இருக்க வேண்டிய இடத்துல கட்டம், தீட்டா இருக்க வேண்டிய இடத்துல கட்டம். எந்த அளவுன்னே தெரியலன்னு எழுதியிருக்காங்க. இருபத்தெட்டாம் தேதிக்குள்ள சரி பண்ணிக் கொடுக்கணும். அதுக்கு மேல நீட்டிப்பு கிடையாது, ஏற்கெனவே ரெண்டு தடவை வாங்கியாச்சு. பதிவே ரத்தாயிரும்."

இவள் ஏழு வருடமாகச் செய்த வேலை இது. கண்ணாடிச் சில்லில் முடியை விட மெல்லிய பூச்சு ஒன்றைப் பூசி, அதற்குள் வெளிச்சம் எப்படிப் போகிறது, மின்சாரம் எப்படிப் போகிறது என்று அளந்து அளந்து கிராஃபாகப் போட்டிருக்கிறாள். பட்டம் வந்தால்தான் கல்லூரியில் வேலை நிரந்தரம். ஆபரேஷனுக்கு முந்தின நாள், ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு அனுப்பிவிட்டு வந்தாள். அது இப்போது கட்டம் கட்டமாகத் திரும்பி வந்து நிற்கிறது.

நான் லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். அவள் கிராஃப் போட்டபோது இதில் எல்லா எழுத்தும் ஒழுங்காகத்தான் இருந்திருக்கும். அந்த ஃபான்ட் அடுத்தவர் கம்ப்யூட்டரில் இல்லை, அவ்வளவுதான் விஷயம். எங்கள் கடையில் இது தினப்படி கூத்து. கல்யாணப் பத்திரிகையை வேறு கடையில் அடித்துக்கொண்டு வருவார்கள், திறந்தால் மணமகன் பெயர் இருந்த இடத்தில் கட்டம் நிற்கும். லேப்டாப்பிலும் போன வாரம் என்னவோ புதுப்பித்ததில் அந்த ஃபான்ட் போய்விட்டிருக்கிறது. இங்கேயும் கட்டம்தான்.

"நான் சரி பண்ணித் தரேன் மேடம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், லாம்டா எது தீட்டா எது என்றே எனக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது.

மார்ச் 20, புதன்

தேர்தல் அறிவிப்பு வந்ததிலிருந்து கட்சி பேனர் கிடையாது, கடையில் ஈ ஓட்டுகிறேன். அதுவும் நல்லதாகப் போயிற்று. மதியமே அடைத்துவிட்டு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் மனப்பாடமாகச் சொல்கிறாள், நான் அடிக்கிறேன்.

"படம் மூணு புள்ளி ஒண்ணு. கீழ் அச்சுல ரெண்டு தீட்டா."

"தீட்டான்னா?"

"முட்டை போடுங்க. நடுவுல குறுக்கே ஒரு கோடு."

"லாம்டா?"

"ஒரு ஆள் காலை அகட்டி நிக்கிறான். தலை மட்டும் இடது பக்கம் சாஞ்சிருக்கு."

சொல்வது சுலபம். கம்ப்யூட்டரில் குறிகளைத் திறந்தால் நூற்றுக்கணக்கில் கொட்டிக் கிடக்கின்றன. காலை அகட்டி நிற்கிற ஆளே ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். எது அவள் ஆள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவளுக்குக் காட்டவும் முடியாது. எரிச்சலில் லேப்டாப்பைத் தள்ளிவிட்டேன்.

அவள்தான் சொன்னாள். "முதுகுல எழுதுங்க."

"என்னது?"

"நீங்க எடுத்த எழுத்து எப்படி இருக்கோ, அப்படியே என் முதுகுல விரலால எழுதுங்க. சரியா தப்பான்னு நான் சொல்றேன்."

எழுதினேன். கூசுகிறது, அழுத்தி எழுதுங்கள் என்றாள். அழுத்தி எழுதினேன். இது லாம்டா இல்லை, கேஸ் லைட்டர் என்றாள். மறுபடி எழுதினேன். ஒமேகாவுக்குக் கீழே இரண்டு பாதம் வைக்காமல் விட்டதற்கு, குதிரை லாடத்தை எதற்கு முதுகில் அடிக்கிறீர்கள் என்று கேட்டாள். குப்புறப் படுத்தவள் சிரித்ததில் கட்டில் ஆடியது, குமிழி என்ன ஆகுமோ என்று நான் பதறிவிட்டேன்.

அவள் முதுகில் இவ்வளவு நேரம் கை வைத்து எத்தனை வருடம் ஆயிற்று என்று தெரியவில்லை. இதை எதற்கு எழுதுகிறேன். மருந்து நாலு வேளையும் விட்டாயிற்று.

மார்ச் 21, வியாழன்

λ, θ, α மூன்றும் தண்ணிபட்ட பாடு. இன்று கடைக்குப் போகும்போது வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, மற்றதைப் பாதி மூடிக்கொண்டு தெருமுனை வரை நடந்து பார்த்தேன். சும்மாதான்.

மார்ச் 23, சனி

முடித்துவிட்டேன். சும்மா சொல்லக் கூடாது, என் வேலையை நானே மெச்சிக்கொள்கிறேன்.

அடுத்தவர் டிசைன் வந்தால், அதில் இருக்கிற எழுத்தை அழித்துவிட்டு என் எழுத்தில் அடித்தால்தான் எனக்குத் திருப்தி. கட்டத்தை மட்டும் மாற்றினால் ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி இருக்கும் என்று, அச்சுப் பெயர்களை மொத்தமாகத் தூக்கிவிட்டு, அவள் சொல்லச் சொல்லப் புதிதாக அடித்தேன். எல்லாம் ஒரே ஃபான்ட், ஒரே அளவு. சென்டிமீட்டருக்கு மேலே உட்கார்கிற சின்ன மைனஸ் ஒன்று கூடத் துல்லியம்.

கடைசியில் எங்கள் தொழில் வித்தை. எழுத்து எழுத்தாக இருக்கிற வரைதான் வேறு கம்ப்யூட்டரில் காணாமல் போகும். அதை வெறும் கோடாக மாற்றிவிட்டால் படம் மாதிரி ஆகிவிடும், எங்கே திறந்தாலும் அப்படியே நிற்கும். கர்வ்ஸ் பண்ணுவது என்போம். எல்லாவற்றையும் கர்வ்ஸ் பண்ணி, பழைய ஃபைல் மேலேயே சேமித்துவிட்டேன். பழையது கிடந்தால் தவறிப்போய் அதைப் பிரிண்ட் போட்டுவிடுவோம், ஆகவே கடையில் அதுதான் வழக்கம்.

நாலாம் அத்தியாயத்தில் அவள் கடைசியாகச் சொன்ன பெயருக்குப் படமே இல்லை. மருந்து அசதியில் ஒன்றை இரண்டாகச் சொல்லியிருப்பாள். கேட்டுத் தொந்தரவு செய்யவில்லை. மேடத்துக்கு அனுப்பியாயிற்று.

மார்ச் 24, ஞாயிறு

பக்கத்து வீட்டுச் செண்பகம் அக்கா குழம்பு கொடுத்தனுப்பினார். அவள் நன்றாகச் சாப்பிட்டாள். நாலு வேளை மருந்து. ரொம்ப நல்ல நாள்.

மார்ச் 25, திங்கள்

மூன்று மணிக்கு மேடம் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"சீனிராஜ், எழுத்தெல்லாம் பளிச்சுனு இருக்கு. ஆனா ஆள் மாறி உக்காந்திருக்கு."

"புரியல மேடம்."

"நாலாம் அத்தியாயத்துல ஒவ்வொரு படத்தோட பேரும் அடுத்த படத்துக்குப் போயிருக்கு. மின்தடைன்னு போட்டிருக்கிற இடத்துல வெளிச்சத்தோட வளைவு நிக்குது. ஒரு படத்தை எடுத்துட்டீங்களா நடுவுல?"

நான் எடுக்கவில்லை. கட்டிலைப் பார்த்தேன். பொற்கொடியின் காது மடல் சிவந்துவிட்டது.

"நான்தான் எடுத்தேன்" என்றாள். "நாலு புள்ளி ரெண்டை எடுத்துட்டு மத்ததுக்கு நம்பர் மாத்தினேன். உங்ககிட்ட பழைய வரிசைலயே சொல்லிட்டேன்."

அந்த மிஞ்சிய பெயர் அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பழைய ஃபைலும் இல்லை, பல்கலைக்கழகத்துக்குப் போன பிரதியிலும் கட்டம்தான். நான் அடித்ததும் எழுத்தாக இல்லை, கோடாகக் கிடக்கிறது. வளைவுகளோ எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன, எது எதற்கு உரியது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல அவளால்தான் முடியும்.

அவளுக்குக் காபி போட அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்தால், எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். லேப்டாப்பைத் தூக்கி மூக்கில் ஒட்டி, இடது கண்ணைத் திரையில் வைத்துத் தேய்க்கிற மாதிரி நகர்த்திக்கொண்டிருக்கிறாள்.

"கொடி, படு."

"ரெண்டு நிமிஷங்க."

"படுன்னு சொல்றேன்ல."

"நாலாம் அத்தியாயம்தாங்க என் வேலையே. அது போச்சுன்னா எல்லாம் போச்சு."

லேப்டாப்பைப் பிடுங்கினேன். "போகட்டும். பட்டம் இல்லாம நீ இருந்துருவ. உனக்குக் கண்ணு இல்லாம என்னால முடியாது."

உன்னால் முடியாது என்றுதான் சொல்ல வந்தேன். கோபத்தில் வேறு மாதிரி வந்துவிட்டது.

அவள் படுத்தாள். தலையணையை நான் சரி செய்தேன். படத்தை எடுத்ததை எப்படி மறந்தாய், உனக்கு ஒரு புள்ளி கூட மறக்காதே என்று கேட்டேன். தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்குப் போனோம்ல. அதுக்கு மறுநாள்தான் அந்தப் படத்தை எடுத்தேன். எடுத்துக்கிட்டு இருக்கும்போதே ஓரத்துல கறுப்பா ஒரு திரை இறங்குச்சு. கண்ணைக் கழுவினேன், போகல. பயத்துல அன்னைக்கு என்ன செஞ்சேன்னே ஞாபகம் இல்ல."

"அப்புறம் ஒரு வாரம் ஒண்ணுமே சொல்லாம இருந்தியா?"

"ஆஸ்பத்திரிக்குப் போனா படுக்க வச்சிருவாங்கன்னு நெட்ல பாத்தேன். அனுப்பிட்டுப் போயிருவோம்னு நெனச்சேன். தினம் கொஞ்சம் கொஞ்சமா இறங்குச்சு. நடுவுக்கு வர்றதுக்குள்ள முடிச்சிரலாம்னு..."

எனக்கு வந்த கோபத்துக்கு எதையாவது உடைத்திருப்பேன். அடுப்படிக்குப் போய்க் கிரைண்டரைக் கழுவினேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. பக்கத்திலேயே படுத்துக் கிடந்திருக்கிறேன், ஒரு வாரமாக அவள் உலகம் இருட்டிக்கொண்டு வந்தது எனக்குத் தெரியவில்லை. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கழுவிக்கொண்டே இருந்தேன்.

பிறகு மேடத்துக்குப் போன் போட்டு, என் தப்பைச் சொல்லி, அவள் எழுந்து உட்கார்ந்ததையும் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"அவளைப் படுக்கச் சொல்லுங்க. நாளைக்கு நான் வரேன்."

மார்ச் 26, செவ்வாய்

காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். அறுபதை நெருங்குகிறவர், முட்டி வலிக்காரர், கையில் ஒரு துணிப்பை. அதற்குள் பொற்கொடி சில மாதங்களுக்கு முன் அச்சிட்டுக் கொடுத்து, அவர் சிவப்பு மையில் திருத்திய தாள் கட்டு. பணி ஓய்வு நெருங்குகிறது என்று அறையைக் காலி செய்து எல்லாவற்றையும் அட்டைப் பெட்டியில் கட்டிவிட்டாராம். நேற்று இரவு உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்துத் தேடியிருக்கிறார். அந்தத் தாளில் எல்லா எழுத்தும் இருந்தது. எனக்கு அதைத் தொட்டுக் கும்பிடத் தோன்றியது.

முதலில் வீட்டுக்குப் போனோம். இவளை ஒரு வாங்கு வாங்குவார் என்று நினைத்தேன். அவர் கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, அப்படியே மெதுவாக மல்லாக்கப் படுத்துவிட்டார். அந்த முட்டியை வைத்துக்கொண்டு. பொற்கொடியின் முகத்துக்கு நேர் கீழே அவர் முகம்.

"என்னம்மா, கீழ ஃபேன் காத்தே வரலையே. எப்படி இருக்க நீ?"

பொற்கொடி அழுதுவிட்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அழுவதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

"கண்ணு கலங்கக் கூடாது. மருந்து வீணாப் போகும்" என்றார் மேடம். அவரை எழுப்பி நிறுத்த நானும் செண்பகம் அக்காவும் சேர்ந்து பிடிக்க வேண்டியிருந்தது.

அப்புறம் கடை. ஒரு மஞ்சள் நீராட்டுச் சடங்கு பேனர் காய்ந்துகொண்டிருந்தது, அதற்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். காபி வேண்டாம், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாளில் குடிப்பதில்லை என்றார். சுக்குத் தண்ணீர் கொடுத்தேன். அவர் தாளைப் பார்த்து வளைவைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, நான் தப்பாக உட்கார்ந்த கோடுகளை அழித்துப் புதிதாக அடித்தேன். ஓர் இடத்தில் அவர் ரோ என்று சொல்லித் திரையில் ஓர் எழுத்தைத் தொட்டுக் காட்டினார், நான் நிறுத்தினேன்.

"மேடம், இது ஆங்கில பி. ரோவுக்குக் கால் வளைஞ்சு இறங்கும்."

கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "ரிட்டயர் ஆகப்போற நேரத்துல என்கிட்ட சேர்ந்த கடைசி ஸ்டூடண்ட் நீங்கதான் போல" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்த முறை பழைய ஃபைலைத் தனியாக வைத்துவிட்டுத்தான் கர்வ்ஸ் பண்ணினேன். இரண்டு பேரும் சேர்ந்து கடைசிப் படம் வரை சரி பார்த்தோம். பஸ் ஏற்றிவிட்டேன், நன்றி சொல்ல ஆரம்பிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் பஸ் கூடவே நடந்தேன். கண்டக்டர் திட்டினார்.

மார்ச் 27, புதன்

தீசிஸ் பைண்டிங். மருந்து நாலு வேளை.

மார்ச் 28, வியாழன்

பல்கலைக்கழகத்தில் மேடம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். செக்‌ஷனில் இருந்த அம்மா ஒவ்வொரு படமாகப் புரட்டி, அச்சில் விரல் வைத்துப் பார்த்தார். அவர் விரல் போகிற இடத்திலெல்லாம் நான் மனதுக்குள் பெயர் சொல்லிக்கொண்டே வந்தேன். λ. α. Ω. நாலாம் அத்தியாயம் வந்ததும் பெயர் சொல்வதை நிறுத்திவிட்டேன். அவர் இன்னொரு முறை முன்னால் புரட்டினார், பிறகு முத்திரையை எடுத்துக் குத்தினார்.

"கேண்டிடேட் வரலையா?"

"குப்புறப் படுத்திருக்காம்மா" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, நல்லா இருக்கட்டும் என்றார்.

வெளியே வந்து போன் போட்டேன். செண்பகம் அக்கா அவள் காதில் வைத்தார். வாங்கிக்கொண்டார்கள் என்று சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

மார்ச் 31, ஞாயிறு

நாளைக்கு டாக்டரிடம் போக வேண்டும். திரை ஒட்டியிருந்தால் நிமிர்ந்து உட்காரலாம். அன்றைக்கு எழுந்து உட்கார்ந்தாளே, அந்த இரண்டு நிமிடம் என்ன செய்திருக்குமோ. பயம் இல்லை என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்ததை அடித்துவிட்டேன்.

ஏப்ரல் 1, திங்கள்

டாக்டர் விளக்கை வைத்து உள்ளே ரொம்ப நேரம் பார்த்தார். நான் சுவரோடு சுவராக நின்றேன். "ஒட்டிருச்சு" என்றார். ஒரு வார்த்தைதான். நான் கை கூப்பினேன், அவர் அதற்குள் அடுத்த சீட்டை எழுத ஆரம்பித்துவிட்டார். ஒரு வாரம் தாமதித்ததற்குப் பார்வை முழுசாகத் திரும்பாமல் போகலாம், நேர் கோடு கொஞ்சம் வளைந்து தெரியலாம், போகப் போகத்தான் சொல்ல முடியும் என்றார். அவளே அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டிருந்தாள்.

வெளியே பெஞ்சில் முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். குமிழி இன்னும் கரையவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்து பார்க்கிற மாதிரி ஒரு மட்டம் ஆடுகிறதாம், அதற்குக் கீழே ஒன்றும் தெரியாது, மேலே ஒரு கீற்று மட்டும் தெளிவாம். குமிழி சுருங்கச் சுருங்க அந்த மட்டம் இறங்குமாம்.

"என் முன்னால நில்லுங்க" என்றாள்.

நின்றேன்.

"மூஞ்சி தெரியல. அது தண்ணிக்குள்ள இருக்கு. நெத்திக்கு மேல மட்டும் தெரியுது." கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "ஏங்க, இவ்வளவு நரையா? எப்ப வந்துச்சு?"

"நீ மூணாவது அத்தியாயம் எழுதும்போதே."

அவள் சிரிப்பாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். சிரிக்கவில்லை. கையை நீட்டினாள், எட்டவில்லை. "குனிங்க" என்றாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு யாரையும் பற்றிக் கவலை இல்லை, தலையைக் குனிந்து நின்றேன். அவள் விரலால் முடியை விலக்கி, ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தாள். நர்ஸ் வந்து பெயரைக் கூப்பிட்டாள். இருங்க சிஸ்டர், இன்னும் நிறைய இருக்கு என்று அவளிடம் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து எண்ணினாள்.